சிங்கத்தைக் கொன்றவன் ஏன் களைத்திருக்கிறான்?

அன்புள்ள தங்கைக்கு,

லண்டனில் ஐந்தாம் ஆண்டு வகுப்பு கிடைத்திருக்கிறது, இந்தப் பருவத்தில் பண்டைய கிரேக்கம் நடத்த வேண்டும், என்ன செயல்பாடுகள் வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். இங்கிலாந்துப் பாடத்திட்டத்தில் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு அது வரலாற்றின் கட்டாயப் பகுதி என்பதால் தயார்ச் சரக்குக்குப் பஞ்சமில்லை: மெடூசா முகமூடி, அட்டைத் தலைக்கவசம், கடவுளுக்குக் கடவுள் பலப் புள்ளி போட்ட சீட்டுக்கட்டு. கைவேலைக்கு நான் எதிரி இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் முகமூடியை ஒட்டி முடித்த பிள்ளைக்கு மெடூசாவைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. கிரேக்கர்கள் தங்கள் கதைகளோடு ஓயாமல் வழக்காடியவர்கள். உன் பிள்ளைகளும் வழக்காட இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்.

பத்து வீரர்களை ஓட ஓட அறிமுகப்படுத்தாதே. ஹெராக்லிஸ் ஒருவனை எடுத்துக்கொண்டு பாதிப் பருவம் அவனோடு இரு.

முதலில் வரைபடம். அவனுக்கு விதிக்கப்பட்ட பன்னிரண்டு வேலைகளும் நடந்த இடங்களைப் பிள்ளைகளே குறிக்கட்டும். நெமியா, லெர்னா, எரிமாந்தஸ், ஸ்டிம்ஃபாலஸ் என்று முதல் ஆறும் பெலொப்பொனீஸ் என்ற ஒரே தீபகற்பத்துக்குள் அடங்கிவிடும். ஏழாவதில் கிரீட் தீவு. அப்புறம் திரேஸ், கருங்கடல் கரையில் அமேசான்களின் நாடு, மேற்கே கடல் முடியும் இடம், கடைசியில் பாதாளம். அந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்று அவர்கள் முழிப்பதை நீ ரசிப்பாய். ஒரு வேலைக்காக அவன் தேடிப்போகும் பொன் ஆப்பிள் தோட்டம் எங்கே என்பதில் பழைய ஆசிரியர்களுக்குள்ளேயே ஒப்புதல் இல்லை. லிபியா என்பார் சிலர், வடகோடி என்பார் சிலர். பிள்ளைகள் ஒரு பக்கம் சேரட்டும். தெரிந்த ஊரிலிருந்து தெரியாத உலகத்துக்குக் கதை விரிந்துகொண்டே போகிறது என்பதை நீ சொல்லாமலே யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்.

அடுத்தது நீதிமன்றம். இதற்கு இரண்டு வகுப்பு நேரம் தாராளமாகக் கொடு. அப்போலோடோரஸ் பெயரில் வழங்கும் 'நூலகம்' என்ற தொகுப்பின்படி, விதிக்கப்பட்டவை பத்து வேலைகள்தாம். லெர்னாவின் ஹைட்ராவை ஹெராக்லிஸ் தனியாகக் கொல்லவில்லை, வெட்டிய கழுத்துகளை தம்பி மகன் அயோலாஸ் தீப்பந்தத்தால் பொசுக்கினான், ஆகவே அது கணக்கில் சேராது என்றான் அரசன் யூரிஸ்தியஸ். அவ்ஜியஸின் தொழுவத்தைக் கழுவியதும் சேராது. கூலி பேசிக்கொண்டு செய்த வேலையாம். பத்து பன்னிரண்டானது இப்படித்தான். உதவி பெற்றால் வேலை உன்னுடையது ஆகாதா? கடமையாகச் செய்வதற்குக் கூலி கேட்கலாமா? ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சூடான கேள்வி கிடையாது; கூட்டாகச் செய்த வீட்டுப்பாடம் யாருடையது என்று தினமும் சண்டை போடுகிறவர்கள் அல்லவா அவர்கள்!

தொழுவ வழக்கில் ஒரு கூடுதல் வசதி உண்டு. மந்தையில் பத்தில் ஒரு பங்கு தருகிறேன் என்ற அவ்ஜியஸ், வேலை முடிந்ததும் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுக்கிறான். கதையிலேயே நடுவர்கள் அமர்கிறார்கள். அவனுடைய மகன் ஃபைலியஸ் அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறான். தீர்ப்பு வருமுன்பே அவ்ஜியஸ் கோபத்தில் ஹெராக்லிஸையும் மகனையும் நாட்டைவிட்டு விரட்டுகிறான். வராமல் போன அந்தத் தீர்ப்பை உன் வகுப்பு எழுதட்டும். ஃபைலியஸாக நிற்கப்போகும் பிள்ளையைக் கவனமாகத் தேர்ந்தெடு. கூச்சமுள்ள பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, அதன் குரலுக்கு அங்கே கனம் கூடும்.

மூன்றாவதாக நான் மிகவும் விரும்பும் பாடம். ஒலிம்பியாவில் ஜீயஸ் கோயிலுக்காகக் கி.மு. 460 வாக்கில் இந்தப் பன்னிரண்டு வேலைகளையும் பளிங்கில் செதுக்கினார்கள். சிங்கத்தைக் கொன்ற காட்சியில் சண்டையே இல்லை. மீசை அரும்பாத இளைஞன் செத்த சிங்கத்தின் மேல் ஒரு காலை வைத்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, கையில் தலையைச் சாய்த்து நிற்கிறான். பக்கத்தில் அதீனா. மற்ற காட்சிகளில் அவனுக்குத் தாடி வந்துவிடுகிறது. வானத்தைத் தாங்கும் காட்சியில் தோளில் ஒரு மெத்தையை மடித்து வைத்திருக்கிறான். பின்னால் அதீனா ஒரு கையை உயர்த்திச் சுலபமாக உதவுகிறாள். படத்தைக் காட்டி, பேசாமல் சில நிமிடம் பார்க்கச் சொல். பிறகு அதே நிலையில் பிள்ளைகளை நிற்க வை. கையை எங்கே வைப்பது, எடை எந்தக் காலில் என்று உடம்பு கேட்கத் தொடங்கினால்தான் அவன் ஏன் களைத்திருக்கிறான் என்று மனம் கேட்கும். முதல் வேலையிலேயே இப்படி, இன்னும் பதினொன்று பாக்கி.

இந்த வேலைகள் அவனுக்கு ஏன் வந்தன? ஹேரா தேவி ஏவிய வெறியில் தன் பிள்ளைகளையே கொன்றவன் அவன். இதைச் சொல்வதா என்று தயங்குவாய். சொல், ஒரே வாக்கியத்தில், விவரம் இல்லாமல், பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு. மறைத்தால் பன்னிரண்டு வேலைகளும் கணினி விளையாட்டின் நிலைகளாகிவிடும். யூரிப்பிடிஸ் தம் நாடகத்தில் அந்தக் கொலையை வேலைகள் எல்லாம் முடிந்த பிறகு வைத்தார். மூத்த வகுப்பு கிடைக்கும்போது, வரிசையை மாற்றினால் கதை என்னவாகிறது என்று கேட்டுப் பார்.

வீராங்கனை அட்டலாண்டாவை விட்டுவிடாதே. ஜேசனின் கப்பலில் அவள் போனாள் என்கிறது அப்போலோடோரஸின் பட்டியல். அவளால் ஆண்களுக்குள் சச்சரவு வரும் என்று அஞ்சி ஜேசன் ஏற்றவில்லை என்கிறார் அப்போலோனியஸ். ஜேசனுக்கு அவள் எழுதும் கடிதம் நல்ல எழுத்துப் பயிற்சி. பெர்சி ஜாக்சன் படித்துவிட்டு வரும் பிள்ளைகளை அடக்காதே. 2005-இல் வந்த அந்த வரிசையின் முதல் நாவல் பழங்கதையை எங்கே மாற்றியது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடு.

உன் வகுப்பில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அனுமன் கடல் தாண்டியதும் இப்படி ஒரு கதைதானா என்று ஒருவன் கேட்பான். சுற்றி வளைக்காதே. தங்கள் கோயில்களில் கிரேக்கர்கள் பலியிட்டு நேர்ந்துகொண்டார்கள், ஜீயஸ் அவர்களுக்குக் கும்பிட்ட சாமி என்று சொல். எந்தச் சாமியையும் பார்த்துச் சிரிக்கும் வகுப்பாக அது ஆகாமல் பார்த்துக்கொள்வது உன் வேலை.

பருவம் தொடங்குமுன் ஒலிம்பியாச் சிற்பங்களின் படங்களைப் பெரிதாக அச்சிட்டு வை. உடைந்த பகுதிகளை யாரோ வரைந்து நிரப்பிய படங்கள் வேண்டாம், உடைந்தபடியே இருக்கட்டும். மீதியைப் பிள்ளைகள் பென்சிலால் வரைந்துகொள்வார்கள்.

அன்புடன்,
அக்கா