பூ உதிர்ந்தால் கலங்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதமும் மாடித்தோட்டப் படங்களும் கிடைத்தன. ஆடியில் விதைத்ததற்கு ஆவணிக் கடைசியில் கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறாய். அரைக்கீரை இரண்டு முறை அறுத்தாயிற்று. வெண்டை இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கிறது. சுரையில் பூத்ததெல்லாம் உதிர்கிறது. நாற்று வாங்கி நட்ட கத்தரியில் ஒரு பிஞ்சும் நிற்கவில்லை. "கீரையைத் தவிர எல்லாம் தோற்றுப்போச்சு பெரியப்பா" என்று முடித்திருக்கிறாய். அந்தத் தீர்ப்பு எனக்குச் சம்மதமில்லை. படங்களைப் பார்த்தவரை உன் தோட்டம் நல்லபடியாகத்தான் போகிறது. செடி இப்போது எந்த வேலையில் இருக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் உனக்கே அது தெரியும்.

முதலில் சுரையை எடுத்துக்கொள்வோம். சுரை, பாகல், பீர்க்கு, புடலை எல்லாவற்றிலும் ஒரே கொடியில் ஆண்பூ தனியாகவும் பெண்பூ தனியாகவும் வரும். முந்தி வருபவை பெரும்பாலும் ஆண்பூக்கள்தான். பெண்பூ தலைகாட்ட இன்னும் கொஞ்ச நாள் ஆகும். ஆண்பூவில் காய் பிடிக்க வழியே இல்லை, வாடி உதிர்வதுதான் அதன் இயல்பு. பூவின் அடியைத் திருப்பிப் பார். நீண்ட மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் அது ஆண். இதழுக்குக் கீழே பூனைமயிர் படர்ந்த குட்டிச் சுரைக்காய் ஒன்று இருந்தால் அது பெண். நீ அனுப்பிய படங்களில் இருப்பவை எல்லாம் ஆண்பூக்கள். ஆகவே கொடியில் குறை ஒன்றும் இல்லை.

பெண்பூ வந்தபிறகுதான் உனக்கு வேலை. சுரைப்பூ சாயங்காலம் விரிந்து மறுநாள் காலையில் வாடிவிடும். இரவில் வரும் அந்துப்பூச்சிகள்தான் அதற்கு மகரந்தம் கொண்டுவருகின்றன. உயரமான மாடிக்கு அவை தேடி வரும் என்று நம்பியிருக்க முடியாது. பொழுது சாய்ந்ததும் மேலே போ. அன்று விரிந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே மெல்லத் தடவிவிடு. சேர்க்கை சரியாக நடந்திருந்தால் சில நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கும். இல்லையென்றால் மஞ்சளாகிச் சுருங்கி விழும். கொடி பந்தலைத் தொட்டதும் அதன் நுனியைக் கிள்ளிவிடு. பக்கக் கிளைகள் கிளம்பும். பெண்பூக்கள் அவற்றில்தான் அதிகம் வரும்.

கத்தரியில் ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் இருக்கும். ஆனாலும் எல்லாப் பூவும் காய்க்காது. பூவின் நடுவே மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாகச் சேர்ந்து நிற்கும். அந்தக் கூம்பைத் தாண்டிப் பச்சை முனை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது காய்க்கும் பூ. முனை வெளியே தெரியாமல் உள்ளேயே குட்டையாக இருந்தால் அந்தப் பூ பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வெயில் கடுமையானாலும் செடிக்குச் சத்து குறைந்தாலும் இந்தக் குட்டைப் பூக்கள் கூடும். காய்க்கும் பூவுக்கும் ஒரு உதவி தேவை. கத்தரியின் மகரந்தப்பையில் நுனியில் மட்டும்தான் துளை இருக்கிறது. கருவண்டு வந்து பிடித்து அதிரவைக்கும்போது மகரந்தம் அந்தத் துளை வழியே கொட்டுகிறது. வண்டு வராத மாடியில் காலை நேரத்தில் பூவை விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் போதும். கத்தரியின் குருத்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது என்று வைத்துக்கொள். வாடிய பகுதிக்குக் கீழே சேர்த்து நறுக்கி, புழுவோடு அழித்துவிடு.

இலை மஞ்சளாகிறது என்றும் எழுதியிருக்கிறாய். மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால்தான் காரணம் பிடிபடும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுதாக வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. செடி பழைய இலையிலிருந்து அந்தச் சத்தை எடுத்துப் புதுக் குருத்துக்கு அனுப்பிவிடுகிறது. குருத்திலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. வெண்டையில் நரம்புகளே மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது தேமல் நோய், வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ். அதற்கு மருந்து இல்லை. அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடு, மற்ற செடிகள் தப்பும். உன் படத்தில் இருப்பது முதல் வகை.

அதற்குக் காரணம் நீ தினமும் இரண்டு வேளை ஊற்றும் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன். உன் பைகளில் செம்மண்ணோடு தேங்காய் நார்க்கழிவும் கலந்திருக்கிறது. நார்க்கழிவு மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். மேலும் மேலும் ஊற்றினால் அடித்துளை வழியாகத் தண்ணீரோடு சத்தும் வெளியேறும், வேருக்குக் காற்றும் கிடைக்காது. ஊற்றுவதற்கு முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார். உள்ளே ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு செடிக்கும் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டு மண்ணைக் கிளறிவிடு. பஞ்சகவ்யம் கிடைத்தால் 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து தெளி. சீக்கிரம் காய்க்கட்டும் என்று உரத்தை அள்ளிக் கொட்டாதே. தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையாகவே வளர்ந்து பூப்பதைத் தள்ளிப்போடும்.

வெண்டையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பூத்து ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். ஒன்றுவிட்டு ஒருநாள் செடியைச் சுற்றிப் பார். நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். முற்றவிட்டால் செடி விதைக்குச் சத்தைச் செலவழித்துப் புதுப் பூவைக் குறைத்துக்கொள்ளும். நோயில்லாத செடி ஒன்றில் மட்டும் ஒரு நல்ல காயை விதைக்கு விட்டுவை. காய்ந்து நெற்றானதும் விதையை எடுத்துச் சாம்பல் புரட்டிப் பத்திரப்படுத்து. பாக்கெட்டில் எஃப்1 என்று போட்டிருந்தால் அது ஒட்டுரகம். அதன் விதையில் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது.

ஒரு நோட்டில் விதைத்த தேதி, முளைத்த தேதி, முதல் பூ, முதல் காய், வந்த பூச்சி எல்லாவற்றையும் எழுதிவை. உன் மாடியில் எவ்வளவு வெயில் விழுகிறது, எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. தைப்பட்டத்தில் எதை எங்கே வைக்கலாம் என்று அந்த நோட்டுதான் உனக்குச் சொல்லும்.

ஐப்பசி மழைக்குள் ஒவ்வொரு பையின் வடிகால் துளையும் அடைபடாமல் இருக்கிறதா என்று பார், பந்தல் கயிற்றை இறுக்கிக் கட்டு. கீரை விதையைப் புரட்டாசித் தொடக்கத்திலேயே மறுபடி தூவிவிடு. முதல் பட்டத்தில் பாதிச் செடி காய்த்தாலே நல்ல தொடக்கம். உன்னுடையது அதற்கு மேலும் தரும், கைவிட்டுவிடாதே.

அன்புடன்,
பெரியப்பா