பேரனுக்கு எதைக் காட்டுவது?

கேள்வி: கோடை லீவுக்குச் சென்னையிலிருந்து நாலு வயதுப் பேரன் வந்திருக்கிறான். நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டிப்போனால், கோபுரத்தை விட்டுவிட்டு எறும்புச் சாரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். என்ன செய்ய?
- ஒரு தாத்தா, பாளையங்கோட்டை

பதில்: நீங்களும் பக்கத்தில் குத்தவைத்து எறும்பைப் பாருங்கள், அண்ணாச்சி. குழந்தையின் விளையாட்டை உட்கார்ந்து கவனிப்பது நம் தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர், 17-ஆம் நூற்றாண்டில், மதுரை மீனாட்சியையே குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடியவர். அந்த வகை நூலுக்குப் பத்துப் பருவங்கள். குழந்தை தலை தூக்கி ஆடினால் செங்கீரை, கை கொட்டினால் சப்பாணி, நிலாவை விளையாடக் கூப்பிட்டால் அம்புலி. ஆண்பிள்ளை மணல்வீட்டைக் கலைக்க வந்தால் அது சிற்றில். நாம் சேட்டை என்று ஒதுக்குவதைப் புலவர்கள் உட்கார்ந்து ரசித்திருக்கிறார்கள்.

எங்காவது கூட்டிப்போக வேண்டுமென்றால் திருப்புடைமருதூர் போங்கள். கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் ஊர். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் கொக்குகள் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் காத்துவந்த இந்தப் பறவைகளுக்காக 2005-இல் அரசு அங்கே பாதுகாப்பகம் அறிவித்தது. குஞ்சு ஏன் கத்துகிறது, கொக்கு எப்போது தூங்கும் என்று துளைப்பான். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, அவனோடு சேர்ந்து கவனியுங்கள்.

இரண்டே நிபந்தனைகள். படித்துறையில் கணுக்கால் தண்ணீரோடு சரி, பிடித்த கையை விடக் கூடாது. செல்போன் வீட்டிலேயே இருக்கட்டும், உங்களுடையதைத்தான் சொல்கிறேன்.