மருந்து வேலை செய்யும்வரை பொறுத்திருங்கள்

நமது துறைமுகப் பகுதியில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வயது மகனுக்கு எவரும் பேசாத குரல்கள் கேட்கின்றன. அயலவர் தனக்குக் கேடு செய்யப் பார்க்கிறார்கள் என்று கதவைப் பூட்டிக்கொள்கிறான். திருகோணமலை ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரிடம் காட்டி, குளிசை தொடங்கிப் பத்து நாளாயிற்று. இரவில் நித்திரை கொள்கிறான். ஆனால் குரல்கள் போகவில்லை. "இந்த மருந்து பிடிக்கவில்லை, நிறுத்துவோம்" என்கிறார் தகப்பன்.

வாசகர்களே, இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தவறுகின்றன.

ஏன் இந்தத் தாமதம்?

மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் பொருட்களுள் ஒன்று டோபமின். அதன் வேகத்தைத் தணிப்பதே இம்மருந்துகளின் முக்கிய வேலை. அந்த வேலை சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் மாதக்கணக்காக மனதில் வேரூன்றிய பயமும் சந்தேகமும் அதே வேகத்தில் போய்விடுவதில்லை. வாடைக்காற்று ஓய்ந்த பின்பும் கடல் அடங்கச் சில நாள் செல்லும் என்பதை நமது மீனவர் அறிவர். இதுவும் அப்படித்தான்.

பெரும்பாலும் முதல் நாட்களில் நித்திரையும் பதற்றமும் சீராகும். குரல்களும் வீண் சந்தேகங்களும் முதல் இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகத் தணியத் தொடங்கலாம். நன்றாகக் குறைய நான்கு முதல் ஆறு வாரங்களும், சிலருக்கு அதற்கு மேலும் செல்லும். இரண்டு வாரமாகியும் சற்றேனும் மாற்றம் இல்லையென்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்டுவதையும் மருந்தை மாற்றுவதையும் அவரே தீர்மானிக்க வேண்டும்.

இவ்வகை மருந்துகளுள் முதலாவது குளோர்புரோமசின். சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளரை அமைதிப்படுத்த வழி தேடிய பிரெஞ்சுக் கடற்படை வைத்தியர் ஹென்றி லபோரிட் அதன் தன்மையைக் கவனித்தார். 1952இல் பாரிஸ் நகரில் ஜோன் டிலே, பியர் டெனிக்கர் என்னும் வைத்தியர்கள் அதை மனநோயாளருக்குக் கொடுத்துப் பலன் கண்டனர். 'லார்காக்டில்' என்ற பெயரை நமது முதியவர்கள் சிலர் கேட்டிருப்பார்கள்.

காத்திருக்கும் நாட்களில்

1. குளிசையைக் குறித்த நேரத்தில் ஒருவர் கையால் கொடுங்கள். நாளுக்கு நாள் காணும் மாற்றத்தை ஒரு கொப்பியில் எழுதி, கிளினிக்குக்குக் கொண்டுசெல்லுங்கள்.

2. குரல் பொய் என்று வாதாட வேண்டாம். உண்மை என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "உனக்குப் பயமாக இருக்கிறது, நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம்" என்று சொன்னால் போதும்.

3. வேளைக்குச் சாப்பாடு, நித்திரை, சிறு வேலை, அமைதியான வீடு. மதுவும் கஞ்சாவும் ஆகாது.

4. இருக்க முடியாமல் அங்குமிங்கும் நடந்தால், நோய் முற்றிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அது மருந்தின் பக்கவிளைவாகவும் இருக்கலாம். வைத்தியரிடம் சொன்னால் பரிகாரம் உண்டு.

5. கழுத்தோ கண்ணோ ஒரு பக்கம் இழுத்தாலும், கடும் காய்ச்சலுடன் உடல் விறைத்து நினைவு தடுமாறினாலும், உயிரை மாய்ப்பது பற்றிப் பேசினாலும் ஒரு கணமும் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 1926 என்ற தேசிய தொலைபேசி இலக்கமும் உண்டு.

செபமும் குளிசையும்

நேர்த்தி வைத்த குடும்பங்கள், மருந்து எடுப்பது விசுவாசக் குறைவோ என்று தயங்குவதுண்டு. சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக வாசியுங்கள். நோயாளி செபிக்கவும் வேண்டும், வைத்தியருக்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என்பதே அதன் போதனை.

மகன் தேறிய பின்னர் இன்னொரு சோதனை வரும். "சுகம்தானே, இனி ஏன் குளிசை?" என்பான். முதல் முறை நோய் கண்டவருக்கும் வழக்கமாக ஓரிரு ஆண்டுகளாவது மருந்து தொடர வேண்டியிருக்கும். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து மிக அதிகம்.

குடும்பமாகச் சிந்திக்க: நம் அயலில் இவ்வாறு காத்திருக்கும் வீடு உண்டா? அந்தத் தாய்க்கு ஒருநாள் ஓய்வு கொடுக்க நம்மில் யார் போவது?