இரத்த அழுத்தமும் குடும்பக் கணக்கும்

சங்க அங்கத்தினர் ஒருவர் நோயுற்றுப் படுத்தால் நின்றுபோவது அவருடைய தறி மட்டுமன்று. நெசவாளராயின் நூல் பெற்று வந்த கணக்கு நிற்கிறது. உழவராயின் பயிர்க்கடன் தவணை தவறுகிறது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த சிக்கனச் சேமிப்பு மருத்துவச் செலவிற்குக் கரைகிறது. இவ்வாறு ஒரு குடும்பத்தை ஒரே நாளில் சாய்த்துவிட வல்ல நோய்களுள் ஒன்று பக்கவாதம். அதற்குத் தலையாய காரணமாக இருப்பது மிகை இரத்த அழுத்தம். நம் மக்கள் இதனை இரத்தக் கொதிப்பு என்பர், பி.பி. என்றும் வழங்குவர். எளிதிற் கண்டறியக் கூடியதும், குறைந்த செலவில் அடக்கி வைக்கக் கூடியதுமான இந்நோய் இத்துணைக் குடும்பங்களைக் கெடுப்பது ஏன்? அதற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

அழுத்தம் என்பது யாது?

இதயம் ஓயாது இயங்கும் ஓர் இறைப்பு இயந்திரம். அது சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும்போது நாளங்களின் சுவர்மீது ஏற்படும் அழுத்தத்தை மேல் எண் காட்டுகிறது. விரிந்து இளைப்பாறும்போது உள்ள அழுத்தத்தைக் கீழ் எண் காட்டுகிறது. 120/80 என்று மருத்துவர் எழுதுவதன் பொருள் இதுவே. வளர்ந்தவர்களுக்கு இவ்வளவோ, இதற்குச் சற்றுக் குறைவாகவோ இருத்தல் நலம். வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140 அல்லது அதற்கு மேலாகவோ, கீழ் எண் 90 அல்லது அதற்கு மேலாகவோ இருக்குமாயின், அதனை மிகை இரத்த அழுத்தம் என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது.

பாவை அளவுக்கு மிஞ்சி இழுத்துக் கட்டினால் இழை அறும் என்பதை நெசவாளர் அறிவர். பம்பு செட்டின் வேகம் தாங்காமல் பழைய குழாய் இணைப்பிலே வெடிப்பதை உழவர் கண்டிருப்பர். நாளங்களின் நிலையும் அத்தகையதே. ஆண்டுக்கணக்கில் மிகை அழுத்தத்தைத் தாங்கும் நாளம் தடித்து, நெகிழும் தன்மையை இழக்கிறது. மூளையில் அது வெடித்தாலும் அடைபட்டாலும் பக்கவாதம் வருகிறது. இதயத்தில் அடைபட்டால் மாரடைப்பு. சிறுநீரகமும் கண்ணும் மெல்ல மெல்லப் பழுதடைகின்றன.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. விறைத்த பாவைக் கையால் தொட்டு அறியலாம். உடலில் ஏறிய அழுத்தத்தையோ, அதனை உடையவரே பெரும்பாலும் அறியார். “தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஆகவே எனக்குப் பி.பி. இல்லை” என்று கூறுவது, “சங்கத்திலிருந்து கடிதம் வரவில்லை, ஆகவே என் கடனுக்கு வட்டி ஏறவில்லை” என்று கூறுவதை ஒக்கும். உடலின் உணர்வு இங்குச் சாட்சியாகாது. கருவி காட்டும் எண்ணே சாட்சி.

அளக்கும் முறை

முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்துகொள்ள வேண்டும். அளப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து காப்பி, தேநீர், பீடி, புகையிலை ஆகாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருத்தல் வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இருமுறை அளந்து, எண்களையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்க. வரவு செலவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கமே இதற்குப் போதும்.

மருந்து இல்லாத காலமும் மருந்து வந்த காலமும்

அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்டை 1944 மார்ச்சில் சோதித்தபோது அவருடைய இரத்த அழுத்தம் 186/108 என இருந்தது. நாட்டின் சிறந்த மருத்துவர்கள் அவரைச் சூழ்ந்திருந்தனர். ஆயினும் அழுத்தத்தை நன்கு அடக்க வல்ல மருந்து அக்காலத்தில் இல்லை. 1945 ஏப்ரல் 12ஆம் நாள், தலை கடுமையாக வலிக்கிறது என்று சொல்லி அவர் சாய்ந்தார். மூளையில் இரத்தம் கசிந்து அன்றே மறைந்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. அம்மாற்றத்தில் நம் நாட்டிற்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகை வேரால் அழுத்தம் குறைவதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் அதனினும் நல்ல மருந்துகள் பல தோன்றின. (அவ்வேரை வீட்டில் இடித்து உண்பது தவறு, அளவு மிகின் தீங்கு விளையும்.)

மருந்தின் பயன் 1967இல் ஐயமற நிறுவப்பட்டது. அமெரிக்காவின் முன்னாள் இராணுவத்தினர் மருத்துவமனைகள் கூடி ஓர் ஆய்வு நடத்தின. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 பேரில் 73 பேருக்கு உண்மை மருந்தும், 70 பேருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் தரப்பட்டன. வெறும் மாத்திரை உண்டவர்களுள் 27 பேருக்குக் கடுந்தீங்கு நேர்ந்தது. மருந்து உண்டவர்களுள் இருவருக்கே நேர்ந்தது. ரூஸ்வெல்டுக்குக் கிட்டாத இவ்வுதவி இன்று நம்மூர்ச் சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

உப்புக் கணக்கு

மருந்துக்கு முன்னும், மருந்தோடும் கவனிக்க வேண்டியது உணவு. ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நம் வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்று அறிவது எளிது. நால்வர் உள்ள குடும்பத்தில் ஒரு கிலோ உப்பு ஒரு மாதத்தில் தீருமாயின், தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் ஆகிறது. அக்குடும்பத்திற்கு உரிய அளவு மாதம் 600 கிராம். ஆகவே ஒரு பொட்டலம் ஐம்பது நாள் வரவேண்டும். பொட்டலத்தின்மேல் பிரித்த தேதியை எழுதி வைத்தால் கணக்குத் தானே விளங்கும்.

கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் முதலியவற்றின் உப்பு இக்கணக்கில் சேரவில்லை. மோர்மிளகாயும் வடகமும் அளவோடு இருக்கட்டும். இலையில் தனியே உப்பு வைக்கும் பழக்கத்தை விடுக. புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம் ஆகியவை சுவையைத் தாங்கிக்கொள்ளும். சில வாரங்களில் நாவும் பழகிவிடும்.

“வெயிலில் வியர்வை சிந்தி உழைப்பவருக்கு உப்பு மிகுதியாக வேண்டாவா?” என உழவர் கேட்கலாம். வெயிலில் உழைத்துப் பழகிய உடல், வியர்வையில் போகும் உப்பைக் குறைத்துக்கொள்கிறது. அன்றாட உணவில் உள்ள உப்பே பெரும்பாலும் போதும், வேண்டுவது தண்ணீரே.

கீரை, காய்கறி, பயறு, வாழைப்பழம், கொய்யா ஆகியவற்றில் உள்ள பொட்டாசியம் அழுத்தம் தணிய உதவுகிறது. 1997இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், உப்பின் அளவை மாற்றாமலே, பழமும் காய்கறியும் கொழுப்புக் குறைந்த பாற்பொருள்களும் மிகுதியாக உண்ட மிகை அழுத்த நோயாளிகளுக்கு மேல் எண் ஏறக்குறைய 11 குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் பொட்டாசியம் மிகுந்த உணவையும், பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையும் மருத்துவரைக் கேளாமல் கொள்ளுதல் கூடாது.

பழக்கங்கள்

தறியில் அமர்வோர்க்குக் கையும் காலும் அசைந்தாலும் நடை போதாது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம், சற்று விரைந்து நடத்தல் வேண்டும். உடற்பருமன் உள்ளவர் எடையைக் குறைத்தால் அழுத்தமும் குறையும். மது அழுத்தத்தை உயர்த்தும். பீடியும் வாய்ப்புகையிலையும் இதயத்திற்கும் நாளங்களுக்கும் பகை.

இன்னொன்று பலர் அறியாதது. இடுப்புவலி, முழங்கால்வலிக்கெனக் கடையில் தாமே வாங்கி உண்ணும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அழுத்தத்தை உயர்த்தக் கூடியவை. சிறுநீரகத்தையும் கெடுக்கக் கூடியவை. குனிந்து உழைக்கும் நம்மவர் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும்.

மாத்திரையை நிறுத்தலாமா?

இப்பாடத்தின் முதன்மையான கேள்வி இதுவே. மாத்திரை உண்ணத் தொடங்கிய சில மாதங்களில் எண் 130/80 என வருகிறது. “நோய் தீர்ந்தது” என்று எண்ணி அங்கத்தினர் மாத்திரையை விடுகிறார். உண்மையில் நோய் தீரவில்லை. மாத்திரை அதனை அடக்கி வைத்திருக்கிறது. கரை கட்டியதால் வெள்ளம் வயலுக்குள் வரவில்லை. வெள்ளம் வரவில்லை என்று கரையை வெட்டுவார் உண்டோ? விட்டவருக்கு அழுத்தம் மீண்டும் ஏறுகிறது. முன்போலவே ஓசையின்றி ஏறுகிறது. சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து.

நல்ல எண், மாத்திரை வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. வேண்டாம் என்பதற்குச் சான்றன்று. உணவாலும் நடையாலும் அழுத்தம் நன்கு தணிந்தால் மருத்துவரே அளவைக் குறைப்பார். அம்லோடிபின் உண்பவருக்குக் கால் வீங்கலாம். எனலாப்ரில் உண்பவருக்கு வறட்டிருமல் வரலாம். அவ்வாறாயின் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்து பெறலாம். கருவுற்றவரும், கருவுற எண்ணுபவரும் முன்னதாகவே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சில மருந்துகள் கருவிற்கு ஆகா.

“கூலியை விட்டு மாத்திரைக்கு அலைய முடியவில்லை” என்னும் குறை நியாயமானதே. தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இம்மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து தரும் வழியை வகுத்தது. சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பயன்பெறுக.

உடனே செய்ய வேண்டியது

முகம் ஒருபுறம் கோணினாலும், ஒரு கை துவண்டாலும், பேச்சுக் குழறினாலும், நெஞ்சு இறுகி வலித்தாலும் கைவைத்தியத்தில் காலம் போக்காமல் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்க. மருத்துவர் முதலில் கேட்பது அதுவே.

அங்கத்தினர் கூட்டத்தில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. நம் வீட்டில் ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருகிறது? தலைக்கு எவ்வளவு ஆகிறது?

2. நம் சங்கத்தில் முப்பது வயது கடந்தும் இவ்வாண்டு அளந்துகொள்ளாதவர் எத்தனை பேர்? மகாசபை கூடும் நாளில் சுகாதாரச் செவிலியரை அழைத்து அனைவருக்கும் அளக்க ஏற்பாடு செய்யலாமா?

3. மாத்திரையை இடையில் நிறுத்தியவர் நம்முள் உளரா? நிறுத்தியதன் காரணம் யாது? அதனை நீக்கச் சங்கம் என்ன செய்யக் கூடும்?