கோடையில் நம் மலை எப்படி இருக்கும்?

 

நம் பள்ளியில் நிறையப் பேருடைய அம்மா விடிகாலையிலேயே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். எங்க அம்மாவும் அப்படித்தான். போன வருஷம் சித்திரையில் ஒருநாள் டிவி செய்தியில் "தேனி மாவட்டத்தில் வறண்ட வானிலை" என்று சொன்னார்கள். நானும் "மழை இல்லம்மா, தைரியமாப் போ" என்று அனுப்பி வைத்தேன். அன்று மதியம் தோட்டத்தில் பெரிய இடி. அம்மாவும் கூட இருந்தவர்களும் மரத்தடியில் ஒதுங்கியிருக்கிறார்கள். நாலு மரம் தள்ளி மின்னல் விழுந்து ஒரு மரம் பிளந்துபோனது. அம்மா ராத்திரி எட்டு மணிக்கு நனைந்துபோய் வந்தார். கை நடுக்கம் நிற்கவே இல்லை.

மறுநாள் அறிவியல் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நீ எந்த மாவட்டத்தைப் பார்த்தே?" அதற்கு விடை தேடித்தான் இந்தக் கட்டுரை.

மேலே போனால் ஏன் குளிர்கிறது?

சூரியன் முதலில் தரையைச் சூடாக்குகிறது. தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே ஏறும். மேலே அழுத்தம் குறைவு என்பதால் அது விரிந்து குளிர்ந்துவிடும். சராசரியாக 1,000 மீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மதுரை சுமார் 100 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். வித்தியாசம் 2,000 மீட்டர். அப்படியென்றால் 13 டிகிரி குறைய வேண்டும். மதுரையில் 38 என்றால் கொடைக்கானலில் 25 அல்லது அதற்கும் கீழே.

மலைக்கு 30 டிகிரியே அதிகம்

வெப்ப அலை என்று அறிவிக்க, சமவெளியில் வெயில் 40 டிகிரியாவது இருக்க வேண்டும். மலைப் பகுதிக்கு 30 டிகிரி போதும். அதோடு, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. நமக்கு 29 என்றால் குளுகுளு என்று இருக்கும். ஆனால் வெப்ப அலைக்கு அங்கே ஒரே ஒரு டிகிரிதான் பாக்கி!

மழை வருமுன் தீ

மார்ச் மாதத்தில் மலையில் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். ஒரு தீக்குச்சி போதும். 2018 மார்ச் 11 அன்று நம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். முதல் கோடை மழை நன்றாகப் பெய்து காடு நனைகிற வரைக்கும் இந்தப் பயம் உண்டு. அதனால் கோடை மழையை யாரும் திட்டக் கூடாது. ஏலச்செடியில் பூச்சரம் வருவதற்கும் அந்த மழை வேண்டும்.

காலையில் வெயில், மதியம் இடி

ஏப்ரல், மே மாதங்களில் மலையில் காலை வானம் பளிச்சென்று இருக்கும். வெயில் ஏற ஏற, சூடான காற்று சரிவைப் பிடித்து மேலே போகும். அரபிக்கடல் பக்கமிருந்து ஈரக்காற்றும் வந்து சேரும். இரண்டும் சேர்ந்தால் மதியத்துக்குமேல் மேகம் கோபுரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். பிறகு இடி, மின்னல், சில நேரம் ஆலங்கட்டி.

இந்த ஈரம் முதலில் கிடைப்பது கேரளப் பக்கத்துக்கு. நம் பக்கம் மலைக்குப் பின்னால் இருப்பதால் பல நாள் வெறும் மேகம்தான். ஒரே மலை, ஆனால் வானிலை இரண்டு! தேனிக்குச் சென்னை மையமும் இடுக்கிக்குத் திருவனந்தபுரம் மையமும் அறிவிப்பு தருகின்றன. நான் பார்த்தது தேனி, அம்மா இருந்தது இடுக்கி. தப்பு அங்கேதான் நடந்தது.

இரண்டு வகை அறிவிப்பு

இந்திய வானிலைத் துறை கோடை தொடங்கும்போது மூன்று மாதத்துக்குச் சேர்த்து ஒரு முன்னோட்டம் வெளியிடும். வெயிலும் மழையும் வழக்கத்தைவிடக் கூடுமா குறையுமா என்று மட்டும்தான் அது சொல்லும். "இந்த வருஷம் மழை குறைவு" என்று வந்தாலும், பெய்கிற ஒருநாளில் மின்னல் விழலாம். அதனால் தினமும் வருகிற அறிவிப்பையும் பார்க்க வேண்டும். அதில் பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே செயல்படு. இடி மின்னலுக்குப் பெரும்பாலும் மஞ்சள்தான் வரும். "மஞ்சள்தானே" என்று சும்மா இருக்கக் கூடாது.

மின்னல் கணக்கு

மின்னலைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு என்று விநாடி எண்ணுங்கள். இடி கேட்டதும் நிறுத்தி, 3 ஆல் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரியும். 30 விநாடிக்குள் கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். மரத்தடி கூடவே கூடாது. தார்ப்பாய் போட்ட ஜீப்பும் பாதுகாப்பு இல்லை.

இப்போது தினமும் ராத்திரி அப்பா போனில் இடுக்கி மாவட்ட அறிவிப்பைப் பார்த்துச் சொல்வது என் வேலை. "மஞ்சள்னா வீட்ல உட்கார முடியுமா? கூலி யாரு குடுப்பா?" என்று அம்மா கேட்டார். அதுவும் நியாயம்தான். அதனால் அம்மாவே கங்காணியிடம் பேசினார். மஞ்சள் வந்த நாளில் மதியத்துக்குமேல் தோட்டத்து ஸ்டோர் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வேலையைப் பார்க்கிறார்கள். மேகம் கறுத்தால் உள்ளே போய்விடுகிறார்கள். கூலியும் போகவில்லை, பயமும் இல்லை.

தோழிகளே, தோழர்களே! உங்க அம்மா எந்த மாவட்டத்துக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். அந்த மாவட்டத்தைப் பாருங்கள்.

யோசித்துப் பார்: மின்னலுக்கு 12 விநாடி கழித்து இடி கேட்டது. மின்னல் எவ்வளவு தூரத்தில்? நீ என்ன செய்வாய்? (விடை: 4 கிலோமீட்டர். ஓடு, உள்ளே!)



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி