402 மீட்டருக்கு எந்தக் கணக்கு?

காவிரி டெல்டாவில், நேர்கோட்டில் வேகம் பார்க்கும் டிராக் (drag) ரேஸுக்கென்று தடம் கிடையாது. தஞ்சாவூர்ப் பட்டறையில் தயாராகும் பைக், மினி லாரியில் ஏறி முந்நூறு கிலோமீட்டர் தாண்டி இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்த்தான் ஓடவேண்டும். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், முதலில் சோழவரத்தில் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது; தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் பந்தயங்களும் அங்கே நடந்திருக்கின்றன. தூரம் 402 மீட்டர், அதாவது கால் மைல். செட்டிங் போட்ட நாளின் காற்று வேறு, ஓடும் நாளின் காற்று வேறு. அந்த வித்தியாசம் நேரத்தில் எவ்வளவு காட்டும் என்று முன்கூட்டிக் கணிக்க மூன்று துணைகள் உண்டு: பழைய ஓட்டங்களைக் குறித்த நோட்டு, செல்போனின் வானிலைச் செயலி, கையடக்க வானிலைக் கருவி.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு. காற்று எவ்வளவு கனமோ, எஞ்சினுக்கு அவ்வளவு ஆக்ஸிஜன். வெப்பம் ஏறினாலோ அழுத்தம் இறங்கினாலோ நீராவி கூடினாலோ அது குறையும். கால் மைல் நேரம், மொத்த எடையைக் குதிரைத்திறனால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தை ஒட்டிப் போகும் என்பது பந்தயக்காரர்களின் பழைய சூத்திரம். அதாவது திறன் மூன்று சதவீதம் விழுந்தால் நேரம் ஏறக்குறைய ஒரு சதவீதம் நீளும்.

காலையில் 26 டிகிரி, பிற்பகலில் 36 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெப்பத்தால் மட்டும் காற்று மூன்று சதவீதத்துக்குச் சற்றுமேல் இலேசாகிவிடும். நம் பகுதியில் காற்றழுத்தம் காலை பத்து மணிவாக்கில் உச்சம் தொட்டு, மாலை நான்குக்கு மூன்று நான்கு மில்லிபார் இறங்கும். அதில் இன்னும் கொஞ்சம் போகும். 14 விநாடியில் ஓடும் பைக்குக்கு இது ஏறத்தாழ 0.17 விநாடி. மார்கழி விடியலையும் அக்னி நட்சத்திரப் பிற்பகலையும் ஒப்பிட்டால் மூன்றில் ஒரு விநாடி வரை போகும்.

ஈரப்பதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காலையில் 90 சதவீதம், பிற்பகலில் 50 சதவீதம் என்று செயலி காட்டியதும், ‘காற்று காய்ந்துவிட்டது, வண்டி பறக்கும்’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். 26 டிகிரியில் 90 சதவீதமும் 36 டிகிரியில் 50 சதவீதமும் ஏறக்குறைய ஒரே அளவு நீராவிதான்: இரண்டிலும் சுமார் 30 மில்லிபார், மொத்தக் காற்றில் மூன்று சதவீதம். பார்க்கவேண்டியது, நீராவி பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையான டியூ பாயிண்ட். கடலோரத் தமிழ்நாட்டில் அது ஒரே நாளுக்குள் பெரிதாக அசையாது. தண்ணீர் நிற்கும் குறுவை வயல்களுக்கு நடுவே உள்ள பட்டறையில் சற்றே கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான்.

செயலிக்குக் காசு இல்லை, அதன் பெருமையும் அத்தோடு முடிந்தது. அது காட்டும் அழுத்தம் கடல்மட்டத்துக்குத் திருத்திய எண். தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து அறுபது மீட்டர்கூட உயரமில்லை என்பதால் டெல்டாக்காரருக்கு அதனால் பெரிய நட்டமில்லை. சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவில் செட்டிங் போடுபவர் அதை நம்பினால் பத்து சதவீதம் தவறுவார். லோனாவாலா பக்கம் மலைமேல் ஆம்பி வேலி ஓடுதளத்தில் பதிவான நேரங்களை இருங்காட்டுக்கோட்டை நேரங்களோடு அப்படியே ஒப்பிடுவதும் இதே கோளாறுதான். இன்னொன்று, மீனம்பாக்கத்தில் கடற்காற்று புகுந்து வெப்பம் இறங்கிய வேளையில் இருங்காட்டுக்கோட்டை இன்னும் வெந்துகொண்டிருக்கும். செயலி எந்த ஊரைச் சொல்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும்.

கெஸ்ட்ரல் போன்ற கையடக்கக் கருவி, நிற்கிற இடத்தின் வெப்பம், ஈரம், உண்மை அழுத்தம் மூன்றையும் சேர்த்து ‘அடர்த்தி உயரம்’ என்று ஒற்றை எண்ணாகத் தரும். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய் போர் விமானம் கிளம்பும்போதும் ஓடுதளத்தில் எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை இதே காற்றின் அடர்த்திதான் தீர்மானிக்கிறது. மேலே சொன்ன 36 டிகிரிப் பிற்பகலில் சமவெளியில் நிற்கும் எஞ்சின், ஏறக்குறைய 950 மீட்டர் உயரத்துக் காற்றைத்தான் குடிக்கிறது. கருவியை வெயிலிலோ சைலன்சர் பக்கமோ வைத்தால் பொய் சொல்லும். நிழலில் பிடித்துச் சில நிமிடம் காத்திருந்து பார்க்கவேண்டும்.

இத்தனையும் எஞ்சினைப் பற்றித்தான். ஓட்டுபவர் கிளட்சை எப்படி விட்டார், டயர் எவ்வளவு பிடித்தது, தடம் எவ்வளவு சூடு என்பதெல்லாம் எந்தக் கருவிக்கும் தெரியாது. முதல் 60 அடியில் இழந்த நேரத்தைக் காற்றின்மேல் பழிபோட முடியாது. இங்கேதான் நோட்டு ஜெயிக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈர வரம்பை மீட்டர்தான் தீர்மானிக்கும்; ஆனாலும் நெல்லைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்கிற பழகிய விவசாயி உண்டு. நோட்டு அந்தப் பல் போன்றது. பழகும்வரை உதவாது, வண்டியை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

ஆக, எதைத் தேர்வது? பிஎஸ்6 காலத்து இன்ஜெக்‌ஷன் பைக்கில் சென்சார்கள் பெட்ரோலைத் தாமே திருத்திக்கொள்ளும். போன ஆக்ஸிஜனைத் திருப்பித் தர அவற்றால் ஆகாது. அந்த வண்டிக்கு நோட்டும், நிழலில் தொங்கும் சாதாரண தெர்மாமீட்டரும் போதும், ஏனென்றால் ஒரே நாளுக்குள் வெப்பம்தான் பெரும்பங்கு. ஆர்எக்ஸ்100 போன்ற கார்புரேட்டர் வண்டிக்குக் கருவி வாங்குவது வீண்செலவல்ல. காற்று இலேசாகும்போது கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும், மெயின் ஜெட்டைச் சிறியதாக மாற்றவேண்டியிருக்கும். எந்த அடர்த்தி உயரத்துக்கு எந்த ஜெட் என்று நோட்டில் ஏறினால்தான் அடுத்த முறை கை தடுமாறாது. டர்போ போட்டவர்கள் இந்த எண்களைப் பாதி மதித்தால் போதும்.

பைபாஸ் சாலையில் விடியற்காலைச் சோதனை ஓட்டம் குற்றம். கணக்குக்கும் அது உதவாது. சாலையின் ஏற்ற இறக்கமும் எதிர்க்காற்றும் சேர்ந்து வரும் பிழை, மேலே சொன்ன 0.17 விநாடியைச் சுலபமாக விழுங்கிவிடும். தடத்திலேயே காலையில் ஓர் ஓட்டம், வெப்பத்தோடு சேர்த்துக் குறிப்பு, பிற்பகல் கணிப்பை அதிலிருந்து தொடங்கலாம்.