நிகான் மஞ்சள் அடிக்காது, தம்பி

முதல் கேமரா வாங்கப் போகிற பையன்கள் எங்கள் லேபுக்கு வந்து கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, கேனன் 1500டியா, நிகான் டி3500ஆ?" நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே முடித்தும் விடுவார்கள். "நிகான் மஞ்சள் அடிக்குமாமே. ஸ்கின் டோனுக்கு கேனன்தானாமே?"

யார் சொன்னது? மாமா பையன் சொன்னான். அவனுக்கு யார் சொன்னது? அவன் கூடப் போகிற சீனியர். சீனியருக்கு? அங்கேதான் கயிறு அறுந்துபோகும். கிணற்றில் விழுந்த வாளியை இதுவரை எவரும் எடுத்துக் காட்டியதில்லை.

மதுரையில் ஒரு கலர் லேபில் கரெக்‌ஷன் நாற்காலியில் உட்கார்ந்து 20 வருடம் தாண்டிவிட்டது. ஒரு முகூர்த்த சீசனில் என் திரையைக் கடக்கும் முகங்களுக்குக் கணக்கில்லை. முகத்தைப் பார்த்து இது எந்தக் கம்பெனி கேமரா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. ஃபைல் பெயரைப் பார்த்தால் சொல்வேன். ஐஎம்ஜி என்று தொடங்கினால் கேனன், டிஎஸ்சி என்று தொடங்கினால் நிகான். நீங்கள் சீனியரை நம்புகிற அளவுக்கு நான் ஃபைல் பெயரை நம்புகிறேன்.

ஒரு பையன் கதையைச் சொல்கிறேன். டி3500 வைத்திருந்தான். ஒரு கல்யாணத்தின் படங்களைக் கொண்டுவந்தான். பெண், மாப்பிள்ளை, தாய்மாமன், நாதஸ்வரக்காரர் எல்லோர் முகத்திலும் மஞ்சள் அரைத்துப் பூசினமாதிரி ஒரு சாயம். "சொன்னாங்கண்ணே, நான்தான் கேக்கல" என்று தலையில் அடித்துக்கொண்டான். கேமராவை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு, கையில் இருந்ததையும் போட்டு 1500டி வாங்கினான். அடுத்த முகூர்த்தத்துக்கு வந்த ஃபோல்டரில் எல்லாம் ஐஎம்ஜி. முகங்கள்? அதே மஞ்சள்.

பையன் பேசவில்லை. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஒயிட் பேலன்ஸ் எப்படி வச்ச?"

"பொண்ணோட அப்பா வேட்டியைக் காட்டி கஸ்டம் எடுத்தேண்ணே. வெள்ளைதானே?"

வெள்ளை இல்லை, தம்பி. அது சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி. நம் வீட்டுப் பெண்கள் நூறு வருடமாக நம் கண்ணை ஏமாற்ற வைத்திருக்கும் வித்தை அது. பழுப்பேறிய துணியில் துளி நீலம் சேர்த்தால் கண் அதை 'பளிச்' என்கிறது. கேமராவுக்கு அந்த நாசூக்கு தெரியாது. நீலம் கலந்த ஒன்றைக் காட்டி "இதுதான் வெள்ளை" என்று நீ சத்தியம் செய்கிறாய். அது உன்னை நம்பி அந்த நீலத்தை ஈடுகட்ட எல்லாவற்றிலும் மஞ்சளை ஏற்றுகிறது. மாப்பிள்ளையின் சந்தன நிறப் பட்டு வேட்டியைக் காட்டியிருந்தால் நேர் எதிராக நடந்திருக்கும். முகமெல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். குற்றம் வேட்டியில். தண்டனை நிகானுக்கு.

கேமராவுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். சென்சாருக்கு நிறமே தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது மட்டும்தான் தெரியும். அதன்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிக்கட்டங்களாக ஒரு வடிகட்டி ஒட்டியிருக்கிறது. பாதிக் கட்டம் பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். கோடாக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. கேனன் 1500டியிலும் அதுதான், நிகான் டி3500இலும் அதுதான். மற்றதெல்லாம் கணக்கு. எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று ஒரு ஊகம், அதன்மேல் கம்பெனியின் ருசிக்கு ஏற்ற தாளிப்பு. இந்தக் கணக்கு முடிந்து வருவதுதான் ஜேபெக். ரா ஃபைலாக எடுத்தால் தாளிப்பை நீங்களே செய்துகொள்ளலாம். அதை லைட்ரூமில் திறந்தால், நீங்களாக மாற்றாதவரை, முதலில் தெரிவது கேனன் கலரும் இல்லை, நிகான் கலரும் இல்லை. அடோபியின் கலர்.

போன ஆடியில், முகூர்த்தம் இல்லாமல் லேபில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு கேமராவையும் இரவல் வாங்கினேன். எங்களோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணை வடக்கு ஜன்னலோரம் உட்காரவைத்தோம். ஒரே டிரைபாட், இரண்டிலும் கூடவே வரும் 18-55 லென்ஸ், ஐஎஸ்ஓ 100. சாம்பல் நிற கிரே கார்டைக் காட்டி கேனனில் கஸ்டம், நிகானில் பிரீசெட் மேனுவல் வைத்தோம். ராவில் எடுத்து, ஒரே மாதிரி திறந்து, 4x6 பிரிண்ட் போட்டு, பின்னால் பென்சிலால் நம்பர் எழுதி கவுண்டரில் பரப்பினோம். ஆல்பம் வாங்க வந்த ஸ்டுடியோக்காரர்களிடம், "எது எந்தக் கேமரா, பிரிச்சு வைங்க" என்றோம். எல்லாவற்றையும் சரியாகப் பிரித்தவர் ஒருவரும் இல்லை. அதிகம் தப்பாகப் பிரித்தவர், "நிகானை இருட்டுல காட்டுனாலும் சொல்லிருவேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்த சீனியர். டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

புகையில் துளி நெருப்பு இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆட்டோவில் விட்டு ஜேபெக் எடுத்தால் இரண்டு கம்பெனியின் தாளிப்பும் ஒன்றாக இருக்காது. ஆனால் அது பிறவிக் குணமில்லை, மெனுவில் மாற்றக்கூடிய பழக்கம். கேனனில் பிக்சர் ஸ்டைலுக்குள் கலர் டோனை மைனஸ் பக்கம் தள்ளினால் முகம் சிவக்கும், பிளஸ் பக்கம் தள்ளினால் மஞ்சளாகும். ஆமாம், உங்கள் கேனனில் மஞ்சள் அடிக்கவே ஒரு வசதி இருக்கிறது! நிகானில் பிக்சர் கன்ட்ரோலுக்குள் ஹ்யூ இருக்கிறது. ஒயிட் பேலன்ஸில் ட்யூப்லைட் வகைக்கு மட்டும் ஏழு தேர்வு வைத்திருக்கிறான். ஏழில் ஒன்றையாவது திறந்து பார்த்தவர் கை தூக்குங்கள்.

கல்யாண மண்டபத்தில் மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்கிறேன். மஞ்சள் பந்தல் துணியின் வழியே இறங்கும் வெயில். மேடைக்கு 'வார்ம்' என்று போட்ட எல்.இ.டி. மண்டபத்தின் சந்தன நிறச் சுவர். இதெல்லாம் போக, நலங்கு. அரைமணி நேரம் ஊரே சேர்ந்து பெண்ணுக்கு மஞ்சள் பூசிவிட்டு, "முகம் மஞ்சளா விழுந்திருக்கு, நிகான் சார்" என்று என்னிடம் வந்து நிற்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை. வரிசையாக முடித்துவிடுகிறேன்.

நம்பிக்கை: மெகாபிக்சல் கூடினால் படம் தெளிவு.
உண்மை: கேனன் 24.1, நிகான் 24.2. இந்த 0.1க்கு சண்டை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் கொடுப்பது 6000க்கு 4000 புள்ளிகள். 12x18 பிரிண்டை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று போட்டாலே 5400க்கு 3600 போதும். 4x6க்கு 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் சரி. உங்கள் படம் தெளிவில்லாமல் வருவது கை ஆடியதால்.

நம்பிக்கை: நிகானில் அப்பா காலத்து லென்ஸைக்கூட மாட்டிக்கொள்ளலாம்.
உண்மை: மாட்டலாம். ஃபோகஸ் யார் பண்ணுவது? டி3500இன் உடம்பில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று 50 மி.மீ. 1.8டி லென்ஸை வாங்கிவிட்டு, "ஓடலண்ணே" என்று வருகிறவர்கள் உண்டு. மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் போன்ற வகை வேண்டும். கேனன் 1987இல் ஈஎஃப் வரிசையைத் தொடங்கியபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டது. அங்கே இந்தத் தலைவலி இல்லை. இது உண்மையான வித்தியாசம். இதை யாரும் கேட்பதில்லை.

நம்பிக்கை: டிஎஸ்எல்ஆர் வாங்கினாலே பின்னணி மங்கி, முகம் சினிமா மாதிரி வரும்.
உண்மை: கூட வரும் லென்ஸில் 55 மி.மீ. வரை ஜூம் செய்தால் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். பாடிக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சத்தை மிச்சம்பிடித்து அதை வாங்குங்கள்.

நம்பிக்கை: வைஃபை இல்லாத கேமரா எதற்கு?
உண்மை: கேனனில் வைஃபை உண்டு. நிகானில் ப்ளூடூத் மட்டும். போனுக்கு 2 மெகாபிக்சலுக்குச் சுருக்கித்தான் அனுப்பும். வாட்ஸப்புக்கு அது போதும். பதிலுக்கு ஒன்றைக் கேளுங்கள். கம்பெனிக் கணக்குப்படி ஒரு சார்ஜில் கேனன் சுமார் 500 படம், நிகான் 1550. விடியற்காலை முகூர்த்தத்துக்குத் தனியாகப் போகிறவனுக்கு எது முக்கியம்? நொடிக்கு கேனன் 3 படம், நிகான் 5. தாலி கட்டுகிற கை ஒரு தடவைதான் முடிச்சுப் போடும்.

நம்பிக்கை: அடோபி ஆர்ஜிபி வைத்தால் கலர் கூடும்.
உண்மை: இரண்டு கேமராவிலும் இருக்கிறது, இரண்டிலும் தொடாதீர்கள். லேபுக்கு எஸ்ஆர்ஜிபியில் கொடுங்கள். இல்லையென்றால் பிரிண்டில் முகம் சோகை பிடித்த மாதிரி வரும், பழி எங்கள் மேல் விழும்.

நம்பிக்கை: இதையே வைத்து வீடியோவும் பிழைத்துக்கொள்ளலாம்.
உண்மை: இரண்டிலும் வெளி மைக் சொருக ஓட்டை இல்லை. திரை மடங்காது. வீடியோதான் பிழைப்பு என்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எது? டி3500 தயாரிப்பு நின்றுவிட்டது. இப்போது கிடைப்பது பழையதுதான். ஒரே கையில் இருந்தது, சுத்தமாக இருக்கிறது என்றால் பேட்டரிக்காகவும் வேகத்துக்காகவும் நான் அதைத்தான் எடுப்பேன். புதிதுதான் வேண்டும், கூட வேலை செய்கிறவர்களிடம் கேனன் லென்ஸ் இரவல் கிடைக்கும் என்றால் 1500டி. எதை வாங்கினாலும் பையில் ஒரு கிரே கார்டு. வேட்டி அல்ல.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் 'ஸ்கின் டோன்' என்ற வார்த்தை தொண்டையில் முள்ளாக நிற்கிறது. "கேனன்ல ஸ்கின் டோன் நல்லா வரும்" என்பவரிடம், "நல்லா என்றால் எப்படி?" என்று பல தடவை கேட்டுவிட்டேன். சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். முகம் வெளுப்பாகத் தெரிய வேண்டும்.

இது நம் ஊரில் மட்டும் தொடங்கியதல்ல. அந்தக் காலத்தில் கோடாக், பிரிண்டின் நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருந்த பெண் வெள்ளைக்காரி. தொழிலில் 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்புத் தோல் சேறாக விழுந்தாலும் அது பிழைக் கணக்கில் வராது. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் சரக்கின் பழுப்பு சரியாக விழவில்லை என்று முறையிட்ட பிறகுதான் ஃபிலிமைத் திருத்த முனைந்தார்கள் என்று கோடாக்கில் வேலை பார்த்தவர்களே பிற்பாடு சொன்னார்கள். மனிதர் முகத்துக்கு நகராத கை, மேசை நாற்காலிக்கு நகர்ந்தது.

இன்று அந்த அட்டை இல்லை. நாமே அந்த அட்டையாகிவிட்டோம். போன மாதம் ஒரு ஆல்பம். மணப்பெண் மாநிறத்தைத் தாண்டிய கறுப்பு, அரக்குப் பட்டு, அந்தப் பட்டின் சிவப்பு தாடைக்குக் கீழே லேசாக ஏறியிருக்கிறது. அளவாக எடுத்த படம். நான் கைவைக்காமலே பிரிண்டுக்கு அனுப்பலாம் என்று இருந்தேன். ஸ்டுடியோவிலிருந்து போன். "அண்ணே, பொண்ணைக் கொஞ்சம் ஏத்திவிடுங்க. மாப்ள வீட்ல கேட்டாங்க."

ஏற்றினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாததல்ல. முகம் வெளுக்கும், கை வெளுக்காது. மூக்குத்தி முகத்தோடு கரையும். ஜரிகை சுண்ணாம்பாகும். மருதாணி செத்துப்போகும். இத்தனையும் செய்துவிட்டு, அடுத்த வாரம் அதே கவுண்டரில் நின்று "எந்தக் கேமரால ஸ்கின் டோன் நல்லா வரும்?" என்று கேட்பார்கள்.

"மாட்டேன்" என்றேன். அந்த ஆல்பம் வேறு லேபுக்குப் போய்விட்டது. முதலாளி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆடியில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளும் நல்ல கறுப்புதான். அந்தப் பிரிண்டில் ஒன்றை எடுத்து என் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இங்கே நிறம் சரியா என்று சந்தேகம் வந்தால் நான் பார்ப்பது அவள் முகத்தைத்தான். அது எந்தக் கேமராவில் எடுத்தது என்று பென்சில் நம்பரைப் பார்த்தால் தெரியும். இதுவரை பார்க்கவில்லை.